கும்மிடிப்பூண்டி மூர்

இடது கால் எட்டு, வலது கால் ஒன்பது. தாஹா பாய் இப்படி ஒரு ஜோடி சேஃப்டி ஷூவைப் பெட்டியில் போட்டு ஒரு வெல்டருக்குக் கொடுத்து அனுப்பிவிட்டார். மறுநாள் வெல்டர் பெட்டியோடு வந்து நின்றார்.

"பாய், எனுக்கு ரெண்டு காலும் ஒரே சைஸுதான். எங்கம்மா அதெல்லாம் சரியாப் பாத்துதான் பெத்திருக்குது."

பக்கத்துக் கடை வரதன் எட்டிப் பார்த்துச் சிரித்தார். தாஹா பாய்க்குச் சிரிப்பு வரவில்லை. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் போகிற சாலையில் இத்தனை வருஷமாகக் கடை வைத்திருக்கிறார். சேஃப்டி ஷூ, ஹெல்மெட், கையுறை, மஞ்சள் கோட்டு எல்லாம் கிடைக்கும். பழவேற்காட்டில் அவருடைய வாப்பா இறால் வியாபாரம் பார்த்தவர். மகன் கால் வியாபாரத்துக்கு வந்துவிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். கடைக்குள் யார் நுழைந்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டார், காலைத்தான் பார்ப்பார். ஏழு என்றால் ஏழுதான் இருக்கும். அப்படிப்பட்ட மனுஷனுக்குப் புத்தி பிசகிப்போனது புத்தளத்திலிருந்து வந்த ஒரு போன் காலால்.

கதை அவருடைய மகள் ரமீஸாவிடமிருந்து தொடங்குகிறது. தேர்வாய் கண்டிகையில் இலங்கைக்காரர்கள் நடத்துகிற ரப்பர் கையுறை கம்பெனி ஒன்றில் அவளுக்கு லேப்பில் வேலை. கையுறைக்குள் தண்ணீர் ஊற்றி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அதே கம்பெனிக்கு இலங்கையில் புத்தளத்திலிருந்து வந்தவன் ஃபாரிஸ். மரியாதையான பையன். ரமீஸாவைப் பிடித்துப்போய் அவளிடம் கேட்டிருக்கிறான். அவள், "எங்க வாப்பாவக் கேளுங்க" என்று சொல்லிவிட்டாள். அவனும் கடைக்கு வந்தான். விஷயத்தைச் சொல்லத் தைரியம் இல்லாமல் ஒரு ஷூ வாங்கிக்கொண்டு போனான். அப்புறம் இன்னொன்று. மூன்றாவது ஜோடிக்கு வந்தபோது தாஹா பாயே, "தம்பி, உனுக்கு ரெண்டு கால்தான கீது? இன்னா வோணும், சொல்லு" என்று கேட்டு வைத்தார்.

ரமீஸாவுக்கு ஏற்கெனவே ஒரு நிச்சயம் ஆகி நின்றுபோயிருந்தது. அதற்கப்புறம் வந்த எந்த வரனையும் அவள் நிமிர்ந்து பார்த்ததில்லை. இந்தப் பையன் பேரைச் சொன்னபோது மட்டும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். தாஹா பாயின் பெண்டாட்டி ஜாஹிதாவுக்கு அது போதுமானதாக இருந்தது. மகள் மனசை அவள் உம்மாவுக்குத் தெரியாதா?

பையனின் வாப்பா ஹனிபா ஹாஜியார் வீடியோவில் வந்தார். வெள்ளைத் தாடி, மெதுவான பேச்சு. சலாம் சொல்லி, சுகம் விசாரித்து, ஊர் விசாரித்தபிறகு கேட்டார்.

"தம்பி, நீங்கள் எந்த ஆக்கள்? முஸ்லிம் ஆக்களோ, தமிழ் ஆக்களோ?"

இது என்ன கேள்வி என்று தாஹா பாய்க்குப் புரியவில்லை. தலையில் தொப்பி இருக்கிறது, பேர் தாஹா. முஸ்லிம் என்பது வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது. அதனால் மிச்சத்தைச் சொன்னால் போதும் என்று நினைத்துவிட்டார்.

"தமிழ் ஆளுங்கதான் ஹாஜியார். பழவேற்காட்ல பொறந்து இங்கயே வளந்தவங்க."

ஹாஜியாரின் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் ஏதோ முணுமுணுத்தாள். ஹாஜியார் போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தார்.

"முஸ்லிமாவும் இருந்து தமிழராவும் இருக்கேலுமோ?"

தாஹா பாய் வாயைத் திறப்பதற்குள், "பிறகு கதைப்பம் தம்பி" என்று போன் அடங்கிவிட்டது. இவருக்குச் சுருக்கென்று தைத்தது. முஸ்லிமாக இருந்துகொண்டு தமிழனாகவும் இருக்க முடியுமா என்று நம்மைப் பார்த்து ஒருத்தன் கேட்டுவிட்டானே என்று இரவெல்லாம் புரண்டு படுத்தார்.

மறுநாள் ஃபாரிஸ் கடைக்கு ஓடிவந்தான். இந்தமுறை ஷூ கேட்கவில்லை.

"மாமா, எங்கட ஊர்ல தமிழர் வேற, முஸ்லிம் வேற. கதைக்கிறது ஒரே தமிழ்தான். ஆனா பிறப்புச் சான்றிதழ்ல இனம் எண்டு ஒரு இடம் இருக்கு. அதுல எனக்கு இலங்கைச் சோனகர் எண்டு போட்டிருக்கு. இங்கிலீஷ்ல மூர்."

"மூரா? அப்டின்னா?"

"முஸ்லிம் ஆக்கள்தான் மாமா. ஆனா அது மதம் இல்ல, இனம்."

"மதம் இல்லியா?"

"மதமும்தான்." ஃபாரிஸுக்கே வேர்த்துவிட்டது. "மாமா, அதை விடுங்க. நீங்க தமிழர் எண்டு சொன்னதால எங்கட சொந்தக்காரங்க குழம்பிப் போய்ட்டாங்க. வாப்பா நேர்ல வாறார். அவர் திரும்பக் கேட்டா, நாங்களும் சோனகர்தான், தமிழர் இல்லை எண்டு ஒரு சொல் சொல்லிடுங்க. வாப்பாக்கு அது பெரிய விசயம். ஏன் எண்டு அவர் ஒருநாளும் கதைச்சதில்ல."

தாஹா பாய் வீட்டில் வந்து சொன்னார். ஜாஹிதா அடுப்பைக்கூட அணைக்காமல் தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"சொன்னா இன்னா? வாயி தேஞ்சிப் பூடுமா? நீங்க இன்னாவோ தமிழுக்குக் கோயில் கட்டினவரு மாதிரி பேஜாரு பண்றீங்க. பொண்ணு வாழ்க்கை இது."

"தமிழன் இல்லன்னு எப்டிம்மே சொல்றது? அப்புறம் நான் யாரு?"

"ரமீஸாவோட வாப்பா. அத்த மட்டும் நெனப்புல வெச்சிக்கினு பேசுங்க."

ரமீஸாவைப் பார்த்தார். அவள், "உங்களுக்கு இன்னா தோணுதோ அத்த சொல்லுங்க வாப்பா" என்றாள். கோபித்திருந்தால்கூடச் சமாளித்திருப்பார். இப்படிச் சொன்னபிறகு மனுஷன் எங்கே போவார்?

நாமும் அவர் இடத்தில் இருந்து பார்க்கவேண்டும். பழவேற்காட்டில், நம் முன்னோர் அரபு நாட்டிலிருந்து படகில் வந்தவர்கள் என்று சொல்வார்கள். சின்ன வயசில் தாஹா பாய் அதைக் கேட்டுப் பெருமைப்பட்டதுண்டு. பிறகு ஒருநாள் யோசித்தார். படகில் வந்தவர்கள் சரக்கு கொண்டுவந்திருப்பார்கள், பெண்டாட்டியைக் கொண்டுவந்திருப்பார்களா? தாலாட்டு பாடினவள் இந்தக் கரைக்காரியாகத்தான் இருக்கவேண்டும். அதோடு அந்த யோசனையை மூட்டை கட்டிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டார். எந்த ஆள் என்று யாரும் கேட்காதவரை அவருக்கு அதில் ஒரு சிக்கலும் இருந்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரமீஸா கடையில் உட்கார்ந்து அந்த மூர் என்ற சொல்லைப் போனில் தேடிக்கொண்டிருந்தாள். மோட்டார் காயில் கட்டுகிற வரதனும் டீயோடு வந்து சேர்ந்தார். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ் பேசுகிறவர். அடுத்தவர் குழப்பம் என்றால் அவருக்கு வடை மாதிரி.

"வாப்பா, இது ரொம்பப் பழசு. ஆப்பிரிக்காவோட வடமேற்கு மூலையில கீற ஜனங்கள ரோம்காரங்க மவுரின்னு கூப்ட்டாங்களாம். அந்தப் பேரு எங்கிருந்து வந்துச்சின்னு அவங்களுக்கே சரியாத் தெரியல. கறுப்புன்னு அர்த்தம்னு சில பேரு சொல்றாங்க, இல்லன்னு சில பேரு சொல்றாங்க."

"சரி, ஆப்பிரிக்கா. அப்புறம்?"

"அந்தப் பக்கத்து முஸ்லிமுங்க கடல் தாண்டி ஸ்பெயின், போர்ச்சுகல் எல்லாம் புடிச்சி ஆண்டாங்க. அந்த ஊர்க்காரங்க அவங்களுக்கு அதே பேர வெச்சிட்டாங்க. போர்ச்சுகீஸ்ல மூரோ. பல நூறு வருஷம் சண்ட. அப்புறம் அந்த போர்ச்சுகீஸ்காரங்க கப்பல் ஏறி நம்ம பக்கம் வந்தாங்க. கரையில தொப்பி போட்டவங்களப் பாத்தாங்க. அட, இங்கயும் மூரோ கீறான்னு சொல்லிட்டாங்க. அத்த இங்கிலீஷ்காரங்க மூர்னு எழுதிக்கினாங்க."

தாஹா பாய் கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்தார். "அப்ப அவன் ஊரு எதிரி பேர என் தலையில வெச்சிட்டானா? நான் அவன இன்னா பண்ணேன்? எறால் வித்துக்கினு இருந்தேன்."

"சோனகர்னு தமிழ்ல சொல்றாங்களே, அது யவனர்ல இருந்து வந்துச்சாம் வாப்பா."

"யவனர்னா?"

"மொதல்ல கிரேக்கருங்க. அப்புறம் அரபுக்காரங்களுக்கும் அதே பேரு."

"ஆக, ஆப்பிரிக்காக்காரன், கிரேக்கன், அரபுக்காரன். பாய், நீ கடைய மூடிட்டு பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போ" என்று வரதன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"சிரிக்காதீங்க மாமா. உங்களுக்கும் ஒண்ணு கீது" என்றாள் ரமீஸா. "தெலுங்கு பேசறவங்கள அந்தக் காலத்துல மெட்ராஸ்ல இங்கிலீஷ்காரங்க ஜெண்டூன்னு சொல்லுவாங்களாம். அதுவும் போர்ச்சுகீஸ்தான். அவங்க மதத்துல இல்லாதவன்னு அர்த்தம்."

வரதன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எவன் மதத்துல நான் இல்ல? எங்க நைனா தினம் பெருமாளக் கும்பிட்டவரு. கப்பல்ல வந்தவன் அவன். அவன்தான் நம்ம மதத்துல இல்ல. இது இன்னா நியாயம்?"

இரண்டு பெரிய மனுஷர்களும் எப்போதோ வந்துபோன ஒரு கப்பல்மேல் கோபமாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஃபவுண்டரியில் வேலை செய்கிற ஒருவர் ஷூ வாங்க வந்தார். தாஹா பாய் வழக்கம்போலக் காலைப் பார்த்தார். "ரமீஸா, இந்திக்காரன் ரேக்குல ஆறாம் நம்பர் எடு" என்றார்.

அந்தக் கடையில் அப்படி ஒரு ரேக் உண்டு. வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு ஆறு, ஏழு நம்பர்தான் அதிகம் போகிறது என்று அவராகவே கண்டுபிடித்து, அட்டையில் 'இந்தி' என்று எழுதி ஒட்டியிருந்தார். ரமீஸா ரேக்கைப் பார்த்தாள், வாப்பாவைப் பார்த்தாள்.

"வாப்பா, நீங்களும் போர்ச்சுகீஸ்காரங்கதான்" என்றாள்.

தாஹா பாய்க்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. வந்தவரிடம், "அண்ணே, உங்க ஊட்ல இந்திதான பேசுவீங்க?" என்று கேட்டுப் பார்த்தார். அவர் சிரித்தார். வீட்டில் ஒடியா என்றார். கூடத் தங்கியிருக்கிறவர் அஸ்ஸாமி, இன்னொருவர் சந்தாலி, இந்தி எல்லோரும் ரயிலில் கற்றுக்கொண்டது என்றார். பல வருஷமாக இந்தக் கடைக்கு வருகிறவர். தாஹா பாய் அவரிடம் கேட்ட முதல் சொந்தக் கேள்வி இதுதான். கேட்டதற்கே வெட்கமாக இருந்தது.

அவர் போனபிறகு அட்டையைப் பிய்த்தார். வேறு என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவோடு வெகுநேரம் நின்றார். கடைசியில் 'ஆறு, ஏழு' என்று எழுதி ஒட்டினார். இது ஒன்றுதான் அன்றைக்கு அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஆனால் ஒரு காரியத்தில் தைரியம் வந்துவிட்டது. ஹாஜியார் வந்தால் சொல்ல ஒரு விஷயம் கிடைத்துவிட்டதே! பெரியவரே, நீங்கள் தலையில் தூக்கிவைத்து ஆடுகிற பேர் உங்கள் பேரே இல்லை, எவனோ வைத்தது என்று போட்டு உடைத்துவிடவேண்டியதுதான். அதைக் கேட்டால் அவரே, சரி தம்பி, பேர் கிடக்கட்டும் என்று இறங்கி வந்துவிடுவார். குளிக்கும்போதும் ஸ்கூட்டர் ஓட்டும்போதும் இதையே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஹாஜியார் வருகிற அன்று ஜாஹிதா காலையிலேயே பிரியாணிக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். வெளியே கிளம்பிய புருஷனிடம், "சோனகர். மறந்துடாதீங்க" என்று மட்டும் சொன்னாள். ரமீஸா அறையை விட்டு வெளியே வரவில்லை. மதியம் வீட்டுக்கு வரவேண்டிய ஹாஜியார் முன்னதாகவே கடைக்கு வந்து இறங்கினார். மகனைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, ஷூ போட்டுப் பார்க்கிற முக்காலியில் உட்கார்ந்தார்.

"வீட்டில பெண் பிள்ளைகள் இருப்பினம். இஞ்ச கதைக்கிறது லேசு" என்றார்.

தாஹா பாய் மனப்பாடத்தை ஆரம்பித்தார். ரோமில் தொடங்கி, ஸ்பெயினுக்குப் போய், கப்பலேறி, கரை சேர்ந்து, இங்கிலீஷ்காரன் எழுதிக்கொண்டதுவரை ஒரு மூச்சில் சொன்னார். நடுவில் கிரேக்கர்களை மறந்துபோய்த் திரும்பப் போய்க் கூட்டிவந்தார்.

"இண்டைக்குத்தான் தம்பி இதைக் கேள்விப்படுறன்" என்றார் ஹாஜியார். "ஆர் வச்ச பேராயிருந்தால் என்ன? என்னை வெளிய போகச் சொன்ன நேரம் என்ர கையில மிஞ்சினது அந்தப் பேர் மட்டுந்தான்."

"யாரு போவச் சொன்னது?"

"நான் புத்தளத்தான் இல்லை. யாழ்ப்பாணத்தான். தொண்ணூறாம் ஆண்டு. தமிழருக்காகச் சண்டை பிடிக்கிறம் எண்டு துவக்குத் தூக்கினவங்கள் ஒலிபெருக்கியில கூப்பிட்டாங்கள். எல்லாரும் மைதானத்துக்கு வாங்கோ எண்டு. போனம். நீங்கள் தமிழர் இல்லை, முஸ்லிம்கள், உடன வெளிக்கிடுங்கோ எண்டாங்கள். வீட்டைப் பூட்டக்கூட விடேல்லை. சாவியையும் வாங்கிக்கொண்டாங்கள்."

சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. தாஹா பாய் இலங்கையில் நடந்த அந்தப் போரைப் பற்றி டிவியில் எவ்வளவோ பார்த்திருக்கிறார். இது அவருக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததே அவருக்குக் குற்றமாகப் பட்டது.

"அதுவரைக்கும் நானும் உங்களைப் போலத்தான் தம்பி. தமிழன் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். பள்ளிக்கூடத்தில தமிழ்ப் பேச்சுப் போட்டி எண்டால் என்னைத்தான் மேடையில ஏத்துவினம். அண்டைக்கு லொறியில இருக்கேக்க நினைச்சன், இனி ஆர் கேட்டாலும் சோனகன் எண்டுதான் சொல்லுவன். அந்தப் பேரை ஒருத்தரும் என்னட்டயிருந்து பறிக்கேலாது."

போர்ச்சுகீஸ்காரனைப் பற்றிப் பேசினதை எல்லாம் வாயிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று தாஹா பாய்க்கு இருந்தது.

"மன்னிச்சிக்கோங்க ஹாஜியார். நீங்க அன்னிக்குக் கேட்டத நான் நக்கலுன்னு நெனச்சிக்கினேன்."

"நக்கலோ?" ஹாஜியார் நிமிர்ந்தார். "அல்லாஹ்வே. இல்லைத் தம்பி, நான் கேட்டது கேள்வி. முஸ்லிமாவும் இருந்து தமிழராவும் இருக்கேலுமோ? உங்களை இஞ்ச அப்பிடி இருக்க விடுறாங்களோ? அதைக் கேக்கத்தான் கப்பலும் காரும் ஏறி வந்தனான். நீங்கள் இன்னும் பதில் சொல்லேல்லை."

இத்தனை நாளும் என்ன சொல்வது என்று தவித்தவருக்கு, இப்போது உண்மையைச் சொல்லவேண்டியிருந்தது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. விடுகிறார்களா? பறிக்கலாம் என்றே தெரியாத ஒன்றை விடுகிறார்களா என்று அவர் எப்போது யோசித்தார்?

"விடறாங்க ஹாஜியார்" என்றார் மெதுவாக. "சில பேரு, 'பாய், முஸ்லிமா இருந்துக்கினு தமிழ் நல்லாப் பேசறீங்களே'ன்னு கேப்பாங்க."

"நீங்கள் என்ன சொல்லுவியள்?"

"ஆமாம்பா, நேத்துதான் கத்துக்கினேன்னு சொல்லுவேன்."

ஹாஜியார் முதல்தடவையாகச் சிரித்தார். சிரிப்பு நின்றதும் குனிந்து கேட்டார். "அவ்வளவுதானோ?"

"கேக்கும்போது வலிக்கும். பொய் சொல்லமாட்டேன். சில நேரம் ரொம்ப வலிக்கும்."

"ஆனால் வெளிய போகச் சொல்லேல்லை?"

"சொல்லல ஹாஜியார். சொன்னாலும் எங்க போறது? எனுக்கு வேற பேரு இல்லியே. அதனால உங்களாண்ட நான் சோனகர்னு சொல்லமாட்டேன். பொண்ணுக்காக சொல்லிடலாம்னுதான் நெனச்சிக்கினு வந்தேன். இப்ப நீங்க சொன்னதக் கேட்டப்புறம் அந்தப் பேர வெறும் வாயால நான் எப்டி எடுக்கறது? அது நீங்க கஷ்டப்பட்டு வெச்சிருக்கறது."

சொல்லிவிட்டார். மகளின் கல்யாணத்தை இந்தக் கையாலேயே உடைத்துவிட்டோமோ என்று பயந்தார். யாருடைய காலையும் பார்க்கத் தோன்றாமல், அந்தப் பெரியவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஹாஜியார் எழுந்து, ஹெல்மெட் மாட்டியிருந்த சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஃபாரிஸுக்கு இஞ்சதானே வேலை. அவன் புத்தளத்துக்கு வரத் தேவையில்லை" என்றார். "என்ர பேரப்பிள்ளை இஞ்ச பிறக்கட்டும்."

சந்தோஷமா, துக்கமா என்று தாஹா பாய்க்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஹாஜியார் காரை நோக்கி நடந்தார். இவர் போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார்.

"இன்னா ஆச்சி?" என்று கேட்டாள் ஜாஹிதா. "சோனகர்னு சொன்னீங்களா, தமிழர்னு சொன்னீங்களா?"

"எல்லாம் ஒரே கொழப்பமா கீதும்மே. அப்புறம் சொல்றேன். நீ சோத்த எடுத்து வை."

"யாரு வர்றாங்க, அத்தயாவது சொல்லுங்க."

"சம்பந்தி வர்றாரு."